பத்து அங்குலம்

மாதவரம் ஷெட்டில்
டோல் ரசீதைத் திருப்பிப் போட்டு
தரை வரைகிறார் எபினேசர்.

கடப்பாரை இரண்டடி இறங்கியதும்
தண்ணீர் எட்டிப் பார்த்தது.
"ஏரியா இருந்த இடம்" என்றேன்.
"பத்திரத்துல அப்படி இல்லையே" என்றார்.

கிராவல் ஓரடி. ரோலர்.
பாலித்தீன் ஷீட். இரண்டடுக்குக் கம்பி.
அதன்மேல்
பத்து அங்குலம் கான்கிரீட்.

"ஆறு போதாதா?"

பழைய தரை ஆறுதான்.
டிரெய்லரின் எல்லாச் சக்கரங்களையும் தாங்கியது.
கழற்றிய சக்கரத்துக்குப் பதிலாய் நின்ற ஜாக்கியை,
உள்ளங்கையளவு இரும்பை,
தாங்கவில்லை.
கீழே படுத்திருந்தவன் ஜமால்தீன்.

நான் சொன்னதும்
கேட்ட ஆறை நானே விழுங்கினேன்.

பதினைந்தடிக்கு ஒரு வெட்டாம்.
"புதுத் தரையை எதுக்குங்க அறுக்கணும்?"
"எப்படியும் விரியும்.
நாம சொன்ன இடத்துல விரியட்டும்."

பிறகு இருபத்தெட்டு நாள்
பாத்தி கட்டித் தண்ணீர்.
அதுவரை ஏழு வண்டியும் ரோட்டோரம்.
தவணை மட்டும்
காயக் காத்திருக்காது.

டயரருகே இடதுகையால்
நட்டு முடுக்கிக்கொண்டிருந்த ஜமால்தீன்
தலைதூக்காமல் கேட்டான்:
"ஜாக்கி வைக்கிற எடத்துக்கு
மஞ்ச பெயின்ட் அடிப்பீங்களா?"

ரசீதில் இடமில்லை.
பேனாவை வாங்கி
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.