கீழ்ப் பாதி

நவம்பர் பிறந்துவிட்டால்
இன்ச்சியோன் சுரங்கக் கடைத்தெருவில்
என் கத்தரிக்கு ஓய்வில்லை.

கணுக்கால் தொடும் கறுப்புக் குளிரங்கி.
ஒரு வகுப்பே அதற்குள் புகுந்துகொண்டு
பேருந்து ஏறிய காலம் போய்
போன வருடம் இடுப்போடு நிற்க வேண்டியதாயிற்று.

"யார் சொன்னது?" என்றேன் உன்ஜேயிடம்.
தோளைக் குலுக்கினான்.
"யாரும் சொல்லல. தெரியும்."

எனக்கும் தெரியும்.
மொத்த வியாபாரி காதில் போட்டுவைத்த சேதி.
'நீளம் குறைத்துத் தரப்படும்':
செப்டம்பரிலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.

அவன் அம்மாவின் விரலில் மீன் செதில்.
நாலு தவணை பாக்கி என்று
என்னிடம் சொன்னாள்,
அவனிடம் சொல்லவில்லை.

வெட்டினேன்.
வாத்திறகு மூக்கிலேறி ஒரே தும்மல்.
மிச்சத்தின் வாயை மடித்துத் தைக்கச் சொல்லி
அவளே வாங்கிப்போனாள்.
மீன்கடை முக்காலி சில்லென்றிருக்கிறதாம்.

இன்று மறுபடி வந்து நிற்கிறாள்.
கையில் அந்தக் கீழ்ப் பாதி,
உட்கார்ந்து உட்கார்ந்து சப்பையாகி,
கானாங்கெளுத்தி வாசத்தோடு.

"நீளம் திரும்ப வந்துடுச்சாமே,
ஒட்டித் தர முடியுமா?"

அளவுநாடாவை உருவினேன்.
பின்னால் நின்ற பையன்
ஒரு சாண் வளர்ந்திருந்தான்.