ஐ

ஜுபைல். ஷட்டவுன் மாதம்.
இரவு ஷிஃப்ட், மணி இரண்டே முக்கால்.
வாக்கிடாக்கியில் கேட்டேன்:
பதினாலாம் வால்வை அடைக்கட்டுமா, சார்?
ரென்னி சார் சொன்னார்:
ஐ.

ஐ என்றால் நான்.
மூன்றாம் வகுப்பில் ஸ்கேலால் வாங்கிப் படித்தது.
பெரிய மனுஷன், தானே வந்து அடைப்பார் போல
என்று ஸ்பானரைக் கீழே வைத்தேன்.
சுலைமானி ஊற்றிக்கொண்டேன்.

தொட்டி வழிந்தது.
நல்லவேளை, வெறும் கடல்தண்ணீர்.
கணுக்கால் நனைய நின்று எல்லாரும் கத்தினோம்
அவரவர் இங்கிலீஷில்.
பெர்மிட் எழுதும் ஷெனூதா, எகிப்துக்காரர்,
பம்ப், பம்ப் என்றார்.
அது பம்பரத்தின் ப இல்லை, பம்பாயின் ப.
(எழுதிக் காட்ட என்னிடமும் வழியில்லை,
நம் வீட்டிலும் இரண்டுக்கும் ஒரே எழுத்து.)
ரொடெலியோ அதையே ஃபம்ப் என்றான்.
பம்ப் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ரென்னி சார் மட்டும் கத்தவில்லை.
நான்தான் ஐ என்றேனே.
ஆமாம் சார், நீங்கள்தான் ஐ என்றீர்கள்.
நான் ஐ என்றேன்.
அதைத்தான் சார் நானும் சொல்கிறேன்.
நாலு தடவை.

விடிந்த பிறகு, விசாரணைத் தாளில்
காரணம் என்று ஒரு கட்டம், விரல் நீளத்துக்கு.
அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
எங்கள் வடகோடியில்
ஐ என்றால் ஆமாம்.

எங்களிடமும் ஒரு ஐ உண்டு சார், என்றேன்.
பொட்டலம் பிரிக்கும்போது
பிள்ளைகள் வாயில் வரும்.
அதற்கு என்ன அர்த்தம் என்றார்.
யோசித்தேன்.
என் இங்கிலீஷில் இல்லை என்றேன்.
தன்னுடையதிலும் இல்லை என்றார்.
கட்டத்தில் 'தகவல் தொடர்பு' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டோம்.

அடுத்த இரவு அவர் குரல்:
பதினாலு அடைத்தாயிற்றா?
ஐ, என்றேன்.
நாக்கு அதற்குள் பழகியிருந்தது.

வாக்கிடாக்கியில் சத்தமே இல்லை.
கொஞ்ச நேரம் கழித்து
இரும்பு ஏணியில் பூட்ஸ் ஏறும் ஓசை.
வந்தார்.
கையுறையைக் கழற்றிவிட்டுத்
தொட்டுப் பார்த்தார்.
அடைத்துத்தான் இருந்தது,
ஈரக்காற்றில் வியர்த்துப்போய்.

போகும்போது என் கிளாஸை எடுத்து
மீதி சுலைமானியைக் குடித்துவிட்டுப் போனார்,
கேட்காமல்.