இரண்டாவது வாசர்

கார்த்திகைக் கடைசி.
தலைஞாயிறுக்குக் கிழக்கே
வானமும் வயலும் ஒரே தகடு.
அமலோற்பவத்தின் மூன்று மா நடவு
நாலு நாளாய்த் தண்ணீருக்கடியில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது.
வரப்பின் மேல் இன்ஜின்
கறுப்பாய் இருமுகிறது.
குழாயில் வருவது தண்ணீரல்ல, சாக்கு.

"இம்புட்டு காத்து அடிக்குது,
புயல் சின்னம் வேறங்கறான் ரேடியோல,
இதுக்கு மட்டும் காத்து பத்தலையா?"

பத்தாமல் இல்லை, அமலோற்பவம்.
வயிறு நிறையத்தான் இழுக்கிறது.
இழுத்தால் போதாது.

நேரே போகவிடாது உள்வாசல்,
வளைத்துத்தான் விடும்.
சிலிண்டர் சுவரைத் தடவிக்கொண்டே
காற்று ஒரு சுழி போடும்.
டீசல் வந்து எழுதப்போகும் கணக்குக்கு
முன்கூட்டியே பிள்ளையார் சுழி.
(உன் நோட்டில் நீ சிலுவை போடுவாய்,
அதுவும் சரிதான்.)

பிஸ்டன் ஏறும்.
விளிம்பில் நின்ற காற்றுக்கு இடம் சுருங்கிப்போக,
தேர் திரும்பும்போது சந்துக்குள் பிதுங்கும் கூட்டமாய்
நடுக்குழிக்குள் பாயும்.
குறுகக் குறுக வேகம் கூடும்,
மதகுக்குள் நுழைந்த ஆறு மாதிரி.

அப்போதுதான் நாசில் துப்பும்.
நான்கு துளை,
எறும்பின் கால் நுழையாத துளை.
நொடியை ஐந்நூறாய் நறுக்கினால் அதில் ஒரு துண்டு நேரம்.
அதற்குள் தாரை துளியாக வேண்டும்,
துளி ஆவியாக வேண்டும்,
ஆவி தன் பங்குக் காற்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.
தேட அதற்கு நேரமில்லை.
அதனால்தான் காற்று தேடிக்கொண்டு வருகிறது.

ரொம்பச் சுற்றினாலும் கெட்டது.
ஒரு தாரையின் ஆவியைத் தள்ளிக்கொண்டுபோய்
அடுத்த தாரையின் பங்கில் போட்டுவிடும்,
ராத்திரியில் மடையை அகலப்படுத்தும்
மேல்வயல்காரன் போல.

இந்தக் கறுப்பு,
காற்று இருந்த அறைக்குள்ளேயே
காற்று கிடைக்காமல் போன டீசல்.
உனக்குத் தெரியாததா,
மேட்டூரில் நூற்றிருபது அடி நின்ற ஆடியில்
நம் வாய்க்காலில் நண்டு நடந்ததே.

இதில் ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை.
கையில் ஸ்பேனர்,
வாயில் டார்ச்.

இன்ஜெக்டரைக் கழற்றினேன்.
பள்ளத்தில் செம்பு வாசர்.
ஒன்று.
விரலால் தடவினால் அதனடியில்
நசுங்கி ஒட்டிக்கிடந்தது இன்னொன்று.
ஒரு வாசர் கனம் உயர்ந்துபோன நாசில்
குழியைத் தவறவிட்டு விளிம்பில் துப்பியிருக்கிறது,
பொழுதன்றைக்கும்.
உள்ளே காற்று சுழன்றபடி காத்திருந்திருக்கிறது,
இலை போட்டும் ஆள் வராத பந்தி.

"யாரு ரெண்டு போட்டது?"

வைகாசியில் லீக் என்று கூப்பிட்டபோது
திருத்துறைப்பூண்டி கடைசி பஸ்ஸுக்கு நேரமாக,
பழையதைக் கிளறி எடுக்காமல்
அதன் மேலேயே புதிதை வைத்து முறுக்கியவன் யாரென்று
எனக்குத் தெரியும்.

தூறல்.
கம்பியை வளைத்துக் கொக்கியாக்கினேன்.
எடுக்க முக்கால் மணி நேரமானது.
ஹேண்டிலை நாலு சுற்றுச் சுற்றி
லீவரைத் தட்டிவிட்டேன்.
முதலில் ஒரு கறுப்புப் பந்து,
பிறகு சாம்பல்,
பிறகு புகை நின்றிருந்த இடத்தில்
மழை மட்டும் லேசாய் நடுங்கியது.
குழாய் வாய் நிறைந்து வடிகாலில் விழுந்தது.

முந்தானை முடிச்சை அவிழ்த்து
இருநூறு ரூபாயை நீட்டினாள்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று அவள் கேட்காதது
கேட்டிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.
பழைய வாசரை வாங்கிச்
சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தாள்.
பாதியில் நின்றது.

"எங்க வீட்டுக்காரரும் இப்டித்தான்,
உள்ளதக் கழட்ட மாட்டாரு,
மேலயே ஒண்ண வச்சி முறுக்குவாரு"
என்றாள், என்னைப் பார்க்காமல்.

தூரத்தில் பஸ் ஹாரன்.
டீசல் கேனைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தேன்.
நாற்றின் நுனி தெரிய
எப்படியும் விடிந்துவிடும்.