குளிக்க வந்தவர்கள்

வாளையார் அணையில்
மீன் பிடிக்கத் தடை என்ற பலகைக்குக் கீழேதான்
உட்காருவோம், நானும் வெல்டிங் கடை அயூப்பும்.
பலகை நல்ல நிழல் தரும்.

அந்த ஞாயிறு
மைதாவில் மஞ்சள்பொடி போட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன்.
எட்டிமடைப் பக்கமிருந்து கல்லூரிப் பையன்கள் ஐந்து பேர்
சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.
கொஞ்ச நேரத்தில்
நான்கு சிரிப்புதான் கேட்டது.

ஒரு கை மட்டும்
தண்ணீருக்கு மேலே எதையோ தேடியது.

எனக்கு நீச்சல் தெரியாது.
பதினொரு வருடமாகத் தண்ணீரையே பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்,
தெரியாது.

அயூப் செருப்போடு குதித்தான்.
நான் வீசினேன்,
கட்லாவுக்குக் கட்டிய மூன்று முள்ளை.
முதல் வீச்சைக் காற்று தின்றது.
இரண்டாவது பிடித்தது,
காலரையோ சதையையோ.

மீன் என்றால்
இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துக்
களைக்க வைக்க வேண்டும்.
இது ஏற்கெனவே களைத்திருந்தது.
ராட்டையை விடாமல் சுற்றினேன்.
நரம்பு விரலில் இறங்கியது.
அறுந்துவிடாதே, அறுந்துவிடாதே
என்று அதனிடம்தான் கெஞ்சினேன்,
வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.
அயூப் போய்ச் சேரும்வரை
அது அறவில்லை.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில்
தோளிலிருந்து முள்ளை வெட்டியெடுத்துத்
தட்டில் போட்டார்கள். டிங்.
பையன் பெயர் நிதின்ராஜ் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நிங்ஙள் அவிடெ எந்தா செய்திருந்நது?"
என்றார் போலீஸ்காரர்.
"குளிக்க வந்தோம் சார்" என்றேன்,
நனையாத சட்டையில்.

அவர் சட்டையைப் பார்த்தார்.
தட்டைப் பார்த்தார்.
என் விரல் கட்டைப் பார்த்தார்.
பிறகு பேனாவை உதறி
எழுதிக்கொண்டார்:
குளிக்கான்.