நாற்பத்தோராம் துண்டு

கோட்டையூர்க் கல்லூரி மொட்டை மாடியில்
தெற்குப் பார்த்துச் சாய்ந்த இரும்புச் சட்டம்.
அதில் நாற்பது துண்டுகள்:
திருப்பத்தூர் சாலையோரக் கற்றாழை நாரும்
பாலியெஸ்டர் பிசினும் கலந்து நான் வார்த்தவை.
நடுவில் ஒடுங்கி இருமுனையும் அகன்று
நாயெலும்பு வடிவம்.
(வாட்ச்மேன் அடைக்கலம் முதல் நாளே கேட்டார்:
"நாய் தூக்கிட்டுப் போயிடாதாம்மா?")

சித்திரை வெயில் முதலில் நிறத்தை எடுத்தது.
தேன் வைக்கோலாயிற்று,
ஆனிக்குள் வைக்கோல் சாம்பல்.
தேய்த்தால் விரலில் சுண்ணாம்புபோல் தூள்.
செம்மண் புழுதியைக் கழுவலாமா என்று
கைடுக்கு மெயில் போட்டேன்.
பதில் இல்லை. கழுவவில்லை.

ஐப்பசி. சிராவயல் பக்கமிருந்து மழை.
பிசினுக்குத் தண்ணீர் வேண்டாம்.
நாருக்கு வேண்டும்;
வெட்டிய ஓரத்தில் வாய்வைத்துக் குடித்தது,
உப்பியது,
வெயில் வந்ததும் சுருங்கியது.
பிசின் இருந்தபடி இருந்தது.
இரண்டுக்கும் நடுவே நுண்ணோக்கியில்
கறுப்பாய் ஒரு மயிரிழை இடைவெளி.
அடுத்த மழை அங்கேதான் தங்கும்.
யாரும் யாரையும் உடைக்கவில்லை.
ஒன்று அசைந்தது, ஒன்று அசையவில்லை,
அவ்வளவுதான்.

மார்கழியில் பூஞ்சைப் புள்ளிகள்.
எண்ணிப் பார்த்தால் பதினேழாம் துண்டைக் காணோம்.
மாடிக் கதவு காற்றில் அடிக்காதிருக்க
அடைக்கலம் அதை அடியில் செருகியிருந்தார்.
"சும்மாதானே காயுதுன்னு..."
பிடுங்கிக்கொண்டு வந்தேன்.
அட்டவணையில் அதற்கு ஒரு கோடு.

மறு சித்திரையில் இழுவை எந்திரம்.
புதிதில் ஐம்பத்திரண்டு மெகாபாஸ்கல்.
இப்போது முப்பத்தொன்று,
இருபத்தொன்பது,
முப்பத்து மூன்று.
புதிது உடைந்தபோது சுள்ளி முறியும் சத்தம் கேட்டது.
இவற்றில் சத்தமே இல்லை.
கொழுக்கட்டையில் கிடந்த மயிரை உருவுவதுபோல்
நார் முழுசாய் வெளியே வந்தது.

கடைசியாக நாற்பத்தோராம் துண்டு.
மற்றவற்றோடு ஒப்பிடவென்று
கறுப்புத் தாளில் சுற்றி, இரும்பு பீரோவில்
வெயில் காணாது மழை காணாது வைத்தது.
தராசில் எடை கூடியிருந்தது:
பூஜ்யம் புள்ளி ஒன்று நான்கு கிராம்.

பீரோவைத் திறந்தது மெய்யம்மையும் நானும்தான்.
எதையாவது எடுக்க, எதையாவது வைக்க.
அப்போதெல்லாம் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து
உள்ளே போயிருக்கிறது
கொஞ்சம் கொஞ்சமாய் ஐப்பசி.

ஆய்வேட்டில் ஏற்கெனவே தட்டச்சிட்டிருந்தேன்:
ஒப்பீட்டு மாதிரி, பாதிப்பற்றது.
அந்தச் சொல்லில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.
துண்டைத் துடைத்து மறுபடி நிறுத்தேன்.
அதே ஒன்று நான்கு.
மேலே மாடிக் கதவு
ஆப்பில்லாமல்
அடித்துக்கொண்டே இருக்கிறது.