ஆமை அறை

சிலோயே தீவில் மழை நின்றதாக
இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகளில்
அந்த மஞ்சள் விடுதியைக் கண்டுபிடித்தபோது
என் காலுறைக்குள் ஒரு குளம்.

வாசலில் மரத்தில் செய்த நீர்யானை.
திறந்த வாய்க்குள் குடையைச் செருகவேண்டும்.
அழைப்புமணிக் கயிறு
ஒரு குரங்கின் வால்.
இழுத்தேன். மணி அடிக்கவில்லை.
உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் மட்டும்
வருகிறேன், வருகிறேன், வாலை விடு என்றது.

ரொசால்வா கார்கமோ
என் கடவுச்சீட்டைத் திறக்கவே இல்லை.
கண்ணாடிக்கு மேலாக என்னை,
முதுகிலிருந்த பையை,
மறுபடி என்னைப் பார்த்தார்.
சாவிப்பலகையில் ஒட்டகச்சிவிங்கி தொங்கியது.
திமிங்கலம் தொங்கியது.
அவர் கை இரண்டையும் தாண்டிப் போய்
ஆமையை எடுத்தது.

"திமிங்கலம் காலியா?"
"காலிதான்.
நீங்கள் திமிங்கலம் இல்லையே."

சால்மன் பண்ணைகளில்
ஆக்சிஜன் மானி பழுதுபார்க்க வந்தவள் நான்.
மூன்று வாரம், நான்கு துறைமுகம்,
ஒரே பையில் திருப்புளியும் உள்ளாடையும்.
சண்டைபோடத் தெம்பில்லை.
ஆனால் வாய் சும்மா இருக்குமா?
அரைகுறை ஸ்பானிஷில் சொல்லிவைத்தேன்:
ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள்
எங்கள் பக்கம்.

(அமீனாவை விட்டுவிட்டேன்.
அவரைக் கடல்தாண்டிக் கூட்டிவர
என்னிடம் வினைச்சொல் இல்லை.)

ரொசால்வா கூரையைப் பார்த்தார்.
சொட்டுக்கு வைத்த வாளியைப் பார்த்தார்.
ஒரு பக்கமாய்ச் சாய்ந்த படிக்கட்டைப் பார்த்தார்.
"நல்லவேளை, முன்பே பார்த்துவிட்டோம்" என்றார்.
"காலை உணவு எட்டு மணிக்கு."

கட்டிலுக்கு மேலே
கவிழ்த்துப் பொருத்திய பழைய படகு.
உட்கார்ந்தால் தலை இடிக்கும்.
படுத்தால் அது ஓடு.
பச்சைக் கம்பளிப் போர்வையில் யாரோ
அறுகோணமாகப் பின்னத் தொடங்கி
ஏழாம் வரிசையில் பொறுமை போய்
வட்டத்துக்கு இறங்கிவிட்டிருந்தார்கள்.
சுவரில் ஒரு சின்ன அறிவிப்பு:
விளக்கை அணைக்குமுன்
தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவும்.

இழுத்துக்கொண்டேன்.
பக்கத்து அறையில் நரி குறட்டை விட்டது.
மாடியில் யானை
நுனிக்காலில் நடந்து போய்
பிஸ்கட் டப்பாவைத் திறந்தது.

கழிப்பறை தாழ்வாரக் கடைசியில்.
திரும்பும்போது மின்சாரம் இல்லை.
கதவுப்பலகையைத் தடவினேன்: நாலு கால், மேடான முதுகு.
உள்ளே போனால்
என் கட்டிலில் ஒரு மீசை.
"யார்?"
"ஆமை."
"நான் நரி. இது என் அறை."
"கதவில் ஆமை இருக்கிறதே."
இருட்டு சற்று யோசித்தது.
"அப்படியானால்
மெதுவாகச் சாத்திக்கொண்டு போங்கள்."

ஆந்தை அறையின் நயாரெத்துக்கு ஏழு வயது.
தூங்காமல் எல்லாப் பலகைகளையும் கழற்றி
இஷ்டப்படி மாட்டியிருக்கிறாள்.
அவள் அம்மா தலையில் கைவைத்தாள்.
ரொசால்வா மட்டும் அசரவில்லை.
பலகை சொல்வதுதான் சட்டம்.
மீசைக்காரருக்கு நறுக்கிய கீரையும் ஒரே முட்டையும் போயின.
அவரும் அதை
ஆமையாகவே மென்றார்.
யானை மாடியிலிருந்து முயலாக இறங்கியது,
சட்டையெல்லாம் பிஸ்கட் தூள்.

என் கதவில் திமிங்கலம்.
நாலு ரொட்டி, ஒரு குடுவைப் பால்,
கிளம்பும்போது
திமிங்கலத்துக்கான வாடகை.

பண்ணையில் காற்று பலமாக வீசியது.
வலைக்கூண்டுக்குள் ஆயிரமாயிரம் சால்மன்
ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருந்தன.
ஒன்றின் கழுத்திலும் சாவி இல்லை.
மானியின் முள் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
துடித்து நின்றது.
திருப்புளிக்குப் பையில் கைவிட்டால்
விரலில் தட்டியது
மேடான ஒரு சின்ன முதுகு.

வாடகை கட்டியது திமிங்கலம்.
சாவியைத் தர மறந்தது யார்?

படகோட்டி ஏதோ கேட்டார்.
மழை வலுத்தது.
மழைக்கோட்டுக்குள்
தலையை இழுத்துக்கொண்டேன்.