வெள்ளிக்கிழமைச் சீட்டுகள்

உபவாச ஜெபம் பத்தரைக்கு.
ஒன்பதுக்கே வந்து பெட்டியைத் திறக்கிறேன்.
பழைய பிஸ்கட் டின், மூடியில் கத்தியால் போட்ட கீறல்.
பெண்கள் சங்கத்தில் கண்ணாடியில்லாமல் வாசிக்கிறவள்
நான் ஒருத்தி என்பதால் கிடைத்த ஊழியம்.

முதலில் வருபவை லேசானவை.
மூட்டுவலி, குவைத் விசா, ஒரு நர்சிங் பரீட்சை,
திருவனந்தபுரத்துக்குக் கீமோவுக்குப் போய்வரும் லீலாபாய்.
மரச்சீனி நட்டாயிற்று, மழை வேண்டும் ஞானாபரணத்துக்கு.
ரப்பருக்கு இன்னும் பிளாஸ்டிக் கட்டவில்லை,
மழை தள்ளிப்போக வேண்டும்
அவருடைய சொந்தத் தம்பிக்கு.
இரண்டையும் அடுத்தடுத்துத்தான் வாசிப்பேன்.
மேலே இருப்பவருக்கு இதெல்லாம் பழகியிருக்கும்.

ஆளுகிறவர்களுக்காக என்னும்போதுதான் இடறும்.
கல்லறைத் தோட்டத்தின் பின்மதிலைத் தாண்டினால் கேரளம்.
ஓட்டு இங்கே, கூலி அங்கே.
எந்த அரசுக்காக அம்மா, என்று
புதிதாக வந்த போதகர் கேட்டார்.
இரண்டுக்கும்தான் என்றேன்,
இரண்டு பேருமே எங்களை மறந்துதானே இருக்கிறார்கள்.

நகமளவுக்கு மடித்தவை டின்னின் அடியில் கிடக்கும்.

"என் வீட்டுக்காரர் வண்டி
செக்போஸ்ட் தொடாமல் ஊடுவழியே
தடையில்லாமல் போய்வரக் கர்த்தர் கிருபை செய்யணும். ஷீபா."

வண்டியில் என்ன என்று எழுதவில்லை.
எழுதவும் வேண்டாம்.
என் கார்டுக்குப் போடும் இருபது கிலோவும் அதில்தான் போகிறது,
கிலோ எட்டு ரூபாய்க்கு.
போன மாசக் காணிக்கைக் கவரில்
நான் ஒட்டி வைத்த நோட்டும் அந்த எட்டு ரூபாய்களில் சேர்ந்ததுதான்.
கடத்தலுக்கு ஜெபமா என்று
இதைக் கிழிக்க வேண்டிய கை
என் கை.

இன்னொன்று. பெயரில்லை.
கணக்கு நோட்டிலிருந்து பாதியாகக் கிழித்த தாள்.

"ஒருவனுக்காக ஜெபிக்க என்னால் முடியவில்லை.
முழங்கால் போட்டுப் பார்த்தேன், நாக்கு ஒட்டிக்கொள்கிறது.
யாராவது எனக்குப் பதிலாகச் செய்யுங்கள்.
அவன் பேரை எழுத மனசு வரவில்லை."

அந்த முழங்காலில் ழகரத்துக்கு ஒரு நீள வால்.
சங்கத்து வரவுசெலவில்
ஏழு வருஷம் அந்த வாலைப் பார்த்தவள் நான்.
கிறிஸ்டில்டாபாய்.

போன ஆவணியில் படந்தாலுமூடு பக்கம்
ஹெட்லைட்டை அணைத்து வந்த ஒரு ஆம்னி
டியூஷன் விட்டு வந்த அவள் மகனை
சைக்கிளோடு ஓடையில் தள்ளிவிட்டு நிற்காமல் போனது.
ரோட்டில் கொஞ்ச தூரத்துக்கு
அரிசி சிந்திக் கிடந்தது.
காலையில் கோழிகள் வந்தன.
வண்டி யாருடையது என்று போலீசுக்குத் தெரியாது.
ஊருக்குத் தெரியும்.
அரிசி யாருடையது என்று
ஊரும் கேட்கவில்லை.

சீட்டு இரண்டையும் மேசையில் வைத்தேன்.
ஃபேன் காற்றில் ஒன்று மற்றதின் மேல் ஏறிக்கொண்டது.

பத்து இருபதுக்கு ஷீபா வந்தாள்,
இடுப்பில் பிள்ளை, பல் முளைக்கிற காய்ச்சலாம்.
தூணுக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்த பாயில்,
கிறிஸ்டில்டாபாய்.

மற்ற எல்லாவற்றையும் வாசித்தேன்,
விசா, மூட்டு, மழை, மழை வேண்டாம்.
பல் முளைக்கிற காய்ச்சலையும் சேர்த்துக்கொண்டேன்.
பிறகு கையில் தாள் இல்லாமல் சொன்னேன்:
ராத்திரியில் விளக்கணைத்துப் போகிறவர்களுக்காக.
அதே வழியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களுக்காக.
மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட்டு
கதவைச் சாத்திக்கொண்டவர்களுக்காக.

எங்கள் விண்ணப்பத்தைக் கேட்டருளும் என்று
வழக்கமாக ஒரே மூச்சில் வரும் சத்தம்
அன்றைக்குத் துண்டு துண்டாக வந்தது.
தூணுக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்ததா, தெரியாது.
கண்ணை மூடியிருந்தேன்.
பிள்ளை ஒருமுறை சிணுங்கியது.

திங்கட்கிழமை ரேஷன் போடுவார்கள்.